கமாண்டர் சாப்

கிளப் ஹவுஸ் வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். சிரித்தபடி அப்பாவின் படம். கீழே, 'கமாண்டர் கந்தசாமி, இந்தியக் கடற்படை (ஓய்வு)'.

மனோஜ் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இதையாவது எடுக்கச் சொல்லுங்க," என்றாள் மனைவி கிரிஜா, மெதுவாக. "போய்ச் சேர்ந்தவர் மேலயும் பொய்யை ஒட்டி வைக்கணுமா?"

"எல்லாரும் வந்தாச்சு. இப்பப் போய் எப்படிச் சொல்றது?"

கந்தசாமி கமாண்டர் இல்லை. கப்பலில் சமையல்காரர்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் கடற்படைக்குப் போனவர். புயலில் கப்பல் ஒருக்களிக்கும்போது, கொதிக்கிற பருப்பு அண்டாவை முழங்காலால் முட்டுக் கொடுத்து நிறுத்தி, கப்பல் முழுவதுக்கும் சோறு போட்டவர். ஓய்வுக்குப் பிறகு தளேகாவில் ஒரு தொழிற்சாலை கேன்டீன். அந்த அடுப்புச் சூட்டில்தான் மனோஜ் இன்ஜினீயரிங் படித்து முடித்தான்.

மனைவி காலமான பிறகு, பாணேரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த மகன் வீட்டோடு வந்துவிட்டார். வந்த வாரமே லிஃப்டில் மேல்மாடிக்காரர் பேச்சுக் கொடுத்தார், அப்பா என்ன வேலையில் இருந்தார் என்று. நேவி என்றான் மனோஜ். ஆபீசரா என்று அடுத்த கேள்வி. தன் மாமனார் கர்னல் என்று நாலு பேர் இருக்கும் இடத்திலெல்லாம் சொல்கிற மனிதர் அவர்.

"கமாண்டர்," என்று மனோஜின் வாய் சொல்லிவிட்டது.

பக்கத்தில்தான் அப்பா நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் வந்த பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், டீ போடட்டுமா என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் கேட்காதது மனோஜுக்கு வசதியாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்பாவோடு மனோஜ் நடந்து போனால் வாட்ச்மேன் முதல் செக்ரட்டரி வரை 'கமாண்டர் சாப்' என்றுதான் வணக்கம் சொன்னார்கள். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு, அந்தக் காலோடேயே காலையில் தளேகாவுக்கு ரயில் ஏறிப் போய்விட்டார் அப்பா.

மனோஜ் பயந்தது ஒரே ஒருவருக்குத்தான். பி விங்கில் இருந்த சங்கரனுக்கு. கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர், நிஜமான ஆபீசர். எந்தக் கப்பல், யாருக்குக் கீழே என்று அவர் கேட்டால் போதும், மானம் போய்விடும். அவர் எதிரே வந்தால் அப்பாவைக் கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிப் போய்விடுவான். அப்பாவும் பேசாமல் கூடவே வருவார்.

இன்று அந்தச் சங்கரன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து இந்தியிலும் மராத்தியிலும் பேசினார்கள். எதிர் ஃப்ளாட் பட்கர் அம்மாள், தனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கமாண்டர் சாப் தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். செக்ரட்டரி பாதியிலேயே மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். 'கமாண்டர்' என்ற சொல் வரும்போதெல்லாம் மனோஜ் தரையைப் பார்த்தான்.

கடைசியாகச் சங்கரன் எழுந்தார். மைக் பக்கம் போகவில்லை. படத்துக்கு நேரே போய், குதிகால்களைச் சேர்த்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கையை இறக்கவே இல்லை.

மனோஜால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. உயிரோடு இருந்தபோது கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில்கூட வராத மனிதர். அவர் வேண்டாம் என்று ஒதுங்கிப் போன மரியாதையை, மறுக்க வாயில்லாத நேரத்தில் அவருக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது.

எழுந்து போய் மைக்கைப் பிடித்தான். அப்பா கமாண்டர் இல்லை, கப்பலில் குக் என்று இந்தியில் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். பொய் சொன்னது தான்தான், அவர் ஒரு நாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை என்றான். அப்புறம் சங்கரனைப் பார்த்துத் தமிழில், "அவர் சமையல்காரர்னு சொல்ல எனக்கு வெட்கமா இருந்தது சார். நீங்க போய் அவருக்கு சல்யூட் அடிக்கிறீங்க," என்றான்.

கூட்டத்தில் யார் முகத்திலும் ஆச்சரியமே இல்லை. பட்கர் அம்மாள் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சங்கரன் கையை இறக்கிவிட்டு அவன் பக்கத்தில் வந்தார்.

"நான் சல்யூட் அடிச்சது குக் கந்தசாமிக்குத்தான், தம்பி. நீங்க லிஃப்ட்ல அப்படிச் சொன்ன வாரமே, எங்க எல்லார்கிட்டயும் அவரே வந்து உண்மையைச் சொல்லிட்டார்."

மனோஜால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்புறம் எதுக்கு சார் எல்லாரும் அவரை..."

"அவர் கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதான்," என்றார் சங்கரன். "'எம்பையன் கூட இருக்கும்போது மட்டும் கமாண்டர்னே கூப்பிடுங்க. உங்களுக்கெல்லாம் தெரியும்னு தெரிஞ்சா, அவன் இந்த இடத்துல தலை நிமிர்ந்து நடக்க மாட்டான்.'"