தெருவுக்கே மக்னீசியம்

“மாத்திரையையுமா பங்கு வச்சிட்டீங்க, அத்தை?”

ஜெனி பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்து வருவதற்குள், கட்டில் மேல் இருந்த துபாய் பார்சல் பாதியாகிக் கிடந்தது.

“பின்ன? வெளிநாட்டுச் சாமான் வந்தா தெருவுக்குக் குடுக்காம நாமளே வச்சுக்கிட முடியுமா?” என்றாள் மாமியார் ஞானபாக்கியம். “சோப்பு பத்தல. கோடாலித் தைலமும் பத்தல. இந்த மாத்திரைதான் டப்பா நெறைய இருந்துச்சு. ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக் குடுத்தேன்.”

“அது… அது வேற மாத்திரை.”

“என்ன வேற? சத்து மாத்திரைதான? சத்து யாருக்குட்டி வேண்டாம்?” காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “டப்பா நல்லாத்தான் இருக்கு. கடுகு போட்டு வைக்கலாம்.”

ஜெனிக்கு எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவும் வராது. ஆலங்குளத்திலிருந்து இலஞ்சிக்கு வாக்கப்பட்டு வந்த நாளாய், யார் என்ன கேட்டாலும் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவாள். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பதிலும் நின்றுபோனது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

மனச்சோர்வுக்கு மக்னீசியம் மாத்திரை நல்லது என்று போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். மருந்துச் சீட்டுகூட வேண்டாம், கேட்டாலே கடையில் கொடுப்பார்களாம். அப்படிக் கேட்கத்தான் இவளுக்கு வெட்கம். கல்யாணமாகி முதல் தடவையாகப் துபாயில் இருக்கும் புருஷன் எபனேசரிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த டப்பா ஒன்றுதான். அவனும் ஊருக்கு வந்த கூட்டாளி பிரின்ஸிடம் கொடுத்தனுப்பினான்.

இப்போது அது தெருவெல்லாம் போய்விட்டது. இனி மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று முடிவு கட்டினாள். பேசாதவள் பேசாமல் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்பது வேறு விஷயம்.

மத்தியானமே அடுத்த வீட்டுத் தங்கத்தாய் வந்துவிட்டாள், முந்தானை முடிச்சில் மாத்திரையோடு.

“ஏ ஜெனி, இதைச் சோத்துக்கு முன்ன போடணுமா, பொறவா? உன் மாமியாகிட்ட கேட்டா, ‘எனக்கு என்ன தெரியும், எல்லாம் எம் மருமவளுக்குத்தான் தெரியும்’னுட்டா.”

“நான் ரேஷன் கடைக்குப் போயிட்டு வாரேன்” என்று மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினாள்.

மாத்திரையையும் வாரி இறைத்துவிட்டு, ஊரையும் என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாளே என்று ஜெனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சாப்பிட்ட பொறவு” என்றாள், தரையிடம். “சுகர், கிட்னின்னு ஏதும் இருந்தா டாக்டரைக் கேக்காம போடாதீங்கக்கா.”

“சுகர் இல்ல. கொழுப்புதான் கூடிப்போச்சுன்னு எங்க வீட்டு ஆளு சொல்லுதாரு.”

ஜெனிக்கு உதடு லேசாகக் கோணியது.

தங்கத்தாய் போகவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். “இந்தச் சாரல்ல பிள்ளைத் துணி எங்கன காயும்? எங்க அடுப்படியில கொடி கட்டியிருக்கேன், குடு” என்று ஈரத்துணி எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டுதான் எழுந்தாள்.

மறுநாள் எதிர்வீட்டு நூர்நிஷா.

“இதைப் போட்டா தூக்கம் வருமாமே? எங்க வீட்டு ஆளு விடுத கொறட்டையில எனக்கு எங்கன தூக்கம்? இதை எனக்குப் போடணுமா, அந்த மனுசனுக்குப் போடணுமா?”

ஜெனி சிரித்துவிட்டாள். சத்தம் கேட்டு அவளே திரும்பிப் பார்த்தாள், யார் சிரித்தது என்று.

அதோடு முடியவில்லை. சொல்லி வைத்த மாதிரி ஒருத்தி போனால் ஒருத்தி வந்தாள். வெந்நீரிலா, பச்சைத் தண்ணியிலா? முழுங்கவா, சப்பவா? வந்த சந்தேகமே திரும்பவும் வந்தது. யார் வந்தாலும் மாமியாருக்கு வெளியே ஒரு வேலை வந்துவிடும்.

கடைசி வீட்டு சங்கரேஸ்வரி ஒரு சாயங்காலம் வந்தாள். புருஷன் போலீஸ், சீசனுக்கு அருவிப் பக்கம் டூட்டி.

“இது எதுக்குள்ள மாத்திரைட்டி, ஜெனி?”

இந்தக் கேள்வியை மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை.

“மனசுக்கு” என்றாள் ஜெனி. சொன்னதும் அடக்க முடியவில்லை. “சும்மாச் சும்மா அழுகையா வருதுக்கா. பிள்ளையைத் தூக்கக்கூடப் பிடிக்க மாட்டேங்கு. எனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சோ?”

“கிறுக்கா? எனக்கும் மூத்தவன் பொறந்தப்ப இதே கததான். குத்தாலத்துல குளிச்சா தெளிஞ்சிரும்னு அருவிக்கு அடியில கொண்டுபோய் நிப்பாட்டினாவ. சளி பிடிச்சதுதான் மிச்சம். தென்காசியில ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டின பொறவுதான் பழையபடி ஆளானேன். செவ்வாக்கிழமை கூட்டிட்டுப் போறேன், வாரியா?”

ஜெனி தரையைப் பார்க்காமல் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இப்படி வரும், சரியாகிவிடும், விடாமல் வா என்றார். தானாக வாங்கிப் போடுகிற மாத்திரையை மட்டும் நம்பி இருக்காதே, அடுத்த தடவை அதையும் கொண்டுவந்து காட்டு என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் ஜெனிக்கு அது உறைத்தது.

“எதைக்கா கொண்டு காட்ட? அதான் எங்க அத்தை அள்ளிக் குடுத்து, தெருவே தின்னு தீத்தாச்சே!”

“யாருட்டி தின்னா?” பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள் சங்கரேஸ்வரி. “ஒண்ணு கொறைஞ்சாலும் உன் மாமியா எங்களை உரிச்சிர மாட்டாளா? ‘எம் மருமவ உள்ளுக்குள்ளயே கெடந்து புழுங்குதா, மாமியாகிட்ட எவ மனசத் தொறப்பா? சந்தேகம் கேக்குத சாக்குல ஆளுக்கொரு நேரம் போய்ப் பேச்சுக் குடுங்க, மாத்திரையை மட்டும் தின்னுறாதீங்க, அது எம் பிள்ளை புருசங்கிட்ட ஆசையாக் கேட்டது’ன்னு சொல்லித்தானட்டி எங்க கையில குடுத்தா!”