கதவு பூட்டியாச்சு

தொண்ணூற்றொன்பதில் வவுனியாவுக்கு மருந்துப் பெட்டிகள் ஏற்றிப்போன சின்ன விமானத்தில் நான் துணை விமானி. திரும்பும்போது பின் இருக்கைகள் வெறுமையாகவே இருக்கும்.

புறப்படுமுன் நான் சரிபார்ப்பு அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும், கப்டன் சரிபார்த்துப் பதில் சொல்லவேண்டும். பறப்புப் பள்ளியில் அப்படித்தான் படிப்பித்தார்கள். கப்டன் விமானப்படையிலிருந்து வந்தவர்.

"அனிஸ்ரன், படையிலை என்னை ஒருத்தனும் கேள்வி கேட்டதில்லை," என்பார். பல்லைக் குத்தி, வந்ததை என் அட்டையிலேயே துடைப்பார்.

பதில் அவரிடமிருந்தல்ல, ஆளில்லாத பின் இருக்கையிலிருந்து வரும், இளம் குரலில்.

"எண்ணெய் போதுமோ?"

"காணும், சேர்."

"கதவு?"

"பூட்டியாச்சு, சேர்."

அந்தப் பதில் ஒருநாளும் பிழையானதில்லை.

கடைசி நாள், "கதவு?" என்றேன்.

"பூட்டேல்லை, சேர்."

கப்டன் திரும்பிப் பார்க்காமல் ஓடுபாதையில் வேகத்தைக் கூட்டினார்.

"இவன் உனக்கு முந்தின துணை விமானி, உன்னை மாதிரித்தான் கேள்வி கேட்டவன். செத்தும் வாய் மூடேல்லை."