சுவரைத் தாண்டிய பையன்

சரியாகச் சொல்வேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். இதுவோ இங்கிலீஷ் கதை.

தெலுங்கு ஊரான மெட்டுகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. மகள் மஹதி இன்டர், அதாவது பன்னிரண்டாவது படிக்கிறாள். கையில் எப்போதும் ஒரு தடிப் புத்தகம்.

"பரீட்சை வருது, மகாராணிக்குக் காதல் கதை கேக்குதோ?"

"காதல் மட்டும் இல்லம்மா. உலகமே அழிஞ்சுபோச்சு. மிச்ச ஜனங்களைச் சுவருக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்க. இந்தப் பொண்ணுக்கு மருந்து தேடி அந்தப் பையன் சுவரைத் தாண்டிப் போறான்."

"போனவன் திரும்பி வந்தானா?"

கேட்டிருக்கக் கூடாது. என் மகன் மணிவண்ணன் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனவன். ஒரு வருஷமாகப் போன்கூட இல்லை.

மஹதி என் முகத்தையே பார்த்தாள். "அது ரெண்டாம் பாகத்துல வருதும்மா. போன்ல இருக்கு. படிச்சுச் சொல்றேன்."

அன்றிலிருந்து நான் சப்பாத்தி தேய்க்கும்போதெல்லாம் கதைதான். பையனுக்குக் காட்டில் காய்ச்சல் கண்டது. யாரோ ஒரு லாரிக்காரர் கஞ்சி கொடுத்தார்.

"பிழைச்சுக்குவானாடி?"

"ஹவ்மா, பிழைச்சுக்குவான். நீ சாப்பிடு." இந்த ஊர்ப் பழக்கத்தில் அவளுக்கு 'ஆமாம்' என்பது 'ஹவ்' ஆகிவிட்டது.

"பொண்ணு படிப்பைக் கெடுக்கிறதே நீதான்," என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அவருக்கென்ன தெரியும்? எனக்குச் சோறு இறங்கியதே அந்தப் பையனால்தான்.

நேற்று பக்கத்து வீட்டு ஸ்ரீஜா வந்தாள். தெலுங்குப் பெண். அந்தப் புத்தகத்தை மஹதிக்குக் கொடுத்தவளே அவள்தான்.

"ஏம்மா, ரெண்டாம் பாகத்தை நீ முடிச்சிட்டியா? பையன் வீடு வந்து சேர்ந்துடுவான் இல்ல?"

"ரெண்டாம் பார்ட்டா? லேது, இல்ல ஆன்ட்டி! முதல் புக்லயே அவன் செத்துப்போயிட்டான். சுவர் தாண்டினதுமே சுட்டுட்டாங்க. நானும் மஹதியும் எவ்வளவு அழுதோம் தெரியுமா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கேட்டேன்னு மஹதிகிட்ட சொல்லிடாதம்மா," என்று மட்டும் கெஞ்சினேன்.

சாயங்காலம் மஹதி அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். முகத்தில் அத்தனை களைப்பு.

"அம்மா, இன்னிக்கு முடிஞ்சிடும். பையன் ஊர் எல்லைக்கு வந்துட்டான்."

கதையில் அவன் வந்து சேர்ந்துவிட்டால், அப்புறம் நான் யாரை வைத்துக் காத்திருப்பது? என் பிள்ளை இன்னும் வரவில்லையே.

எதற்கும் இருக்கட்டும் என்று, சப்பாத்தியைத் திருப்பிப் போட்டபடியே சொல்லி வைத்தேன்:

"அவசரப்பட்டு முடிச்சுடாதடி. மூணாம் பாகமும் இருக்காமே!"