பூ பார்க்கப் போனவர்கள்

"அத்தை, கழுத்தை மூடுங்க" என்று சொல்லிக்கொண்டே கம்பளித் துண்டை இழுத்துச் சுற்றிவிட்டாள் மருமகள்.

"போதும்டி, மூச்சு முட்டுது" என்றாள் கண்ணாடியம்மா.

மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. கை அவ்வளவு லேசு. ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

வாய்க்கால் ஓரமாக வரிசையாகச் செர்ரி மரங்கள். பெயருக்குக்கூட ஓர் இலை இல்லை. பார்க்கிற இடமெல்லாம் பூதான். வெள்ளை என்று சொன்னால் வெள்ளை இல்லை, ரோஸ் என்று சொன்னால் ரோஸும் இல்லை.

ஏழெட்டு நாள்தான் நிற்குமாம். நடுவில் ஒரு பெரிய மழை வந்தால் அதுவும் கிடையாது. அதற்காக எந்தெந்த மூலையிலிருந்தோ விமானம் ஏறி, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி ஜனம் வந்து குவிந்திருந்தது.

"இது பழம் குடுக்காத ஜாதியாம்டி. ஒண்ணுத்துக்கும் ஆகாத மரத்துக்கா இத்தனை கூட்டம்?"

"அதனாலதான் அத்தை இவ்வளவு நிம்மதியா பூக்குது."

கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பத்து வருஷத்து ஆசை இது. ஒரு மத்தியானம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது டிவியில் இந்தப் பூவைக் காட்டினார்கள். மருமகள் மடிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள். "ஒரு தடவை போவோம்டி" என்று இவள் வாய் தவறிச் சொல்லிவைத்தாள். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு காரணம் குறுக்கே வந்து நின்றது.

குழுவில் வந்த இருபது பேருக்கும் மூன்று நாளாக இவர்கள்தான் பேச்சு. மாமியாரும் மருமகளும் ஒரே அறையில், ஒரே குடைக்குள். கலிகாலம் முடிந்துவிட்டதா என்று ஒரு ரிட்டையர்டு வங்கி மேனேஜர் வாய்விட்டே கேட்டார்.

கைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. மகன்.

மருமகள் நாலடி தள்ளிப் போய், கேமராவுக்கு எட்டாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

மகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கால் வலிக்கிறதா என்று விசாரித்தான். அறையில் கூட யார் என்று கேட்டான்.

"தெரிஞ்ச பொண்ணுதான். நல்ல மாதிரி."

பொய் ஒன்றும் இல்லை.

பிறகு கைபேசி கை மாறியது. ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் திரைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, ரொம்பக் குளிருதா?" என்றாள்.

நாலடி தள்ளி நின்றவள் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விவாகரத்தாகி மூன்று வருஷம். வீடு பிரிந்தது, சாமான் பிரிந்தது. இந்தப் பயணத்தை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடியம்மா மாதாமாதம் சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். சர்க்கரை ஒன்றும் இல்லை.

மகன் கை நீட்டியவன் இல்லை. ஒரு சுடுசொல் சொன்னவனும் இல்லை. கோபம் வந்தால் பேசமாட்டான், அவ்வளவுதான். ஒரு தடவை இருபத்து மூன்று நாள் பேசவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று மருமகளுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. சிரிப்பதற்கு முன்னால் அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிக்க அவள் பழகிக்கொண்டாள்.

ஒன்பது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியம்மா, அவன் ஊரில் இல்லாத ஒரு நாள் மருமகளின் பெட்டியைத் தானே தூக்கிப் படியிறக்கி வண்டியில் வைத்தாள். "என் பிள்ளைன்னு பாக்காதே. கிளம்பு" என்றாள்.

அது இன்றுவரை மகனுக்குத் தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்றுதான் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து இவளும் தலையாட்டினாள்.

"பூவைக் காட்டுங்க அத்தை" என்றாள் திரையில் இருந்தவள்.

கண்ணாடியம்மா பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி எதிர்க்கரையைக் காட்டினாள்.

"ஐயோ, எவ்வளவு அழகு! எனக்கும் பாக்கணும் போல இருக்கு அத்தை."

பின்னாலிருந்து மகனின் குரல் கேட்டது. "பூ பாக்க யாராவது பிளேன் ஏறுவாங்களா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்தப் பெண் வெடுக்கென்று பக்கவாட்டில் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன இருந்ததோ, ஒரு நொடி கழித்து அவளும் சிரித்தாள்.

கண்ணாடியம்மா கைபேசியை அப்படியே பூவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் சாவியை எடுப்பது கேட்டது. செருப்புச் சத்தம், பிறகு கதவு சாத்துகிற சத்தம்.

அதன் பிறகுதான் கேமராவைத் தன் முகத்துக்கு மாற்றினாள்.

"போயிட்டானாம்மா?"

"போயிட்டார் அத்தை."

"உன்கிட்ட பாஸ்போர்ட் இருக்கா?"

"இல்லையே. இப்ப அதெல்லாம் எதுக்குன்னு அவர்தான்…"

"எடுத்து வச்சுக்கோ" என்றாள் கண்ணாடியம்மா. "அவன்கிட்ட சொல்ல வேண்டாம்."