பெருசு

"கெழவிக்குப் பல்லு இருக்குமா?" என்று தேவயானி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

ஹேமநாத் காதில் விழவில்லை. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தூண்டில் நரம்பைத் தறிப் பாவு நூல் மாதிரி நீட்டிப் போட்டு, முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் அவனுக்கு நாலு பவர்லூம் ஓடுகிறது. இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும், தறி மறந்துபோய்த் தண்ணீர் ஞாபகம் வந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் அவன் தூண்டில் போடாத ஏரி குளம் கிடையாது.

இந்த முறை கடப்பாவையும் தாண்டி ஓர் ஆறு. போன வாரம்வரை அதன் பேர்கூட அவனுக்குத் தெரியாது. உதட்டோரம் நாலு மீசை தொங்கும் பொன்னிறக் கெண்டை அங்கே கை நீளத்துக்குக் கிடைக்கிறதாம்.

தெரியாத தண்ணீர் என்றாலே தேவயானிக்குப் பயம். போதாக்குறைக்கு அவள் தம்பி ஜெயச்சந்திரனும் கிளம்பிவிட்டான். ஒரே தம்பி. நீச்சல் தெரியாது. அவன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான், பாதிப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது.

அவளுடைய பயத்துக்காகவே ஹேமநாத் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தான். மீன்பிடிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சுரேஷ்பாபு என்று ஒரு தெலுங்குக்காரன் இருக்கிறான். சொந்த ஊர் அந்த ஆற்றங்கரை, வேலை ஐதராபாத்தில். பாறையை ஒட்டி இடுப்பளவு ஆழம், அடியில் கூழாங்கல், இழுப்பு இல்லை என்று அவன் சொல்லிவிட்டான்.

ஒரே ஒரு தொந்தரவு, ஒரு கிழவி.

சுரேஷ்பாபு தெலுங்கை இங்கிலீஷ் எழுத்தில்தான் டைப் அடிப்பான், அதிலும் பாதி எழுத்தை முழுங்கிவிடுவான். அங்கே ஓர் 'எம், எஸ், எல், ஐ' இருக்கிறது, ஜாக்கிரதை என்று போட்டிருந்தான். வெயில் ஏறினால் வந்து பாறைமேல் படுக்கும், கிட்டே போகாதீர்கள்.

ஹேமநாத் அதை முசலி என்று படித்தான். முசலி என்றால் கிழடு. படுப்பதற்குத் தெலுங்கில் 'படுகுண்டாடு' என்றிருந்தால் கிழவன், 'படுகுண்டுந்தி' என்று இருப்பதால் கிழவிதான் என்று மனைவிக்கு இலக்கணப் பாடமே நடத்தினான். போகிற கரையில் எல்லாம் யாராவது ஒரு கிழவி இடம் தன்னுடையது என்று கத்தத்தான் செய்வாள். பிச்சாட்டூர் ஏரியில் ஒருத்தி கல்லால் அடித்தே துரத்தியிருக்கிறாள்.

ஆழம் இல்லை, இழுப்பு இல்லை, வாய்க்கொழுப்புள்ள ஒரு கிழவி மட்டும்தான் என்றதும் தேவயானிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கிழவியை அவள் சமாளிப்பாள்.

திருப்பதியில் வேலை பார்க்கும் தம்பி, இடம் பிடிக்க விடியற்காலையிலேயே பைக்கில் கிளம்பினான். போனில் அவனுக்குப் புத்தி சொன்னதும் அவள்தான். பாறையை விட்டு நகராதே, கிழவி வந்தால் ஆயா என்று வாய் நிறையக் கூப்பிடு, அவள் கிட்டே வந்து உட்கார்ந்தால் எழுந்து ஓடாதே என்றாள்.

ஹேமநாத் பதினொரு மணி பஸ்ஸில் போய் ரேணிகுண்டாவில் ரயில் பிடிக்கிறான். அவனிடம் கிழவிக்கென்று கொடுத்தனுப்ப வெற்றிலை பாக்கு, சொந்தத் தறியில் நெய்த சேலை ஒன்று, இட்லி. பல் இருந்தால் முறுக்கும் வைக்கலாம்.

"இன்னாங்க, கேக்கறது காதுல வுழுதா? பல்லு இருக்குதான்னு அந்தாள்கிட்ட கேளுங்க."

ஹேமநாத் சிரித்துக்கொண்டே போனை எடுத்தான். பத்து நிமிஷத்துக்கு முன் மச்சான் அனுப்பியிருந்த மெசேஜை முதலில் படித்துக் காட்டினான்.

"கெழவி இன்னும் வரல மாமா. நல்லா வெயிலு. கால தண்ணில வுட்டுக்கினு குந்திக்கினு கீறேன்."

அப்புறம் சுரேஷ்பாபுவுக்கு, அவன் போட்ட அதே நாலு எழுத்தை அப்படியே போட்டு, பல் உண்டா என்று கேட்டான்.

இட்லிச் சட்டி ஆவி விடத் தொடங்கியபோது பதில் வந்தது. இந்த முறை டைப் அடிக்கவில்லை, குரல். முதலில் ஒரு பெரிய சிரிப்பு. பிறகு, "மொசலிக்கி பள்ளு லேகுண்டா எலா அண்ணா? மொத்தம் பள்ளே!" பல் இல்லாமல் எப்படி, மொத்தமும் பல்தானே என்கிறான்.

ஹேமநாத்தும் கூடச் சேர்ந்து சிரித்தான். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றது.

முசலி இல்லை. மொசலி.

தெலுங்கில் மொசலி என்றால் முதலை. கிழவி படுத்தாலும் முதலை படுத்தாலும் அந்த மொழியில் 'படுகுண்டுந்தி'தான். அவன் நடத்திய பாடத்தில் அது விட்டுப்போயிருந்தது.

தேவயானிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகரியில் பிறந்தவளுக்குத் தெலுங்கு தெரியாதா? ஈரக் கையோடு வந்து அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். நகராதே என்று தம்பியிடம் சொன்ன தன் வாயை அந்த நிமிஷம் அவளுக்குப் பொசுக்கிவிடலாம் போலிருந்தது.

முதல் தடவை தம்பி நம்பரைப் போட்டதும், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று தெலுங்கில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். இரண்டாவது தடவையும் அவளே.

மூன்றாவது தடவை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தரையில் நீட்டியிருந்த நரம்பு தேவயானியின் காலில் சுற்றியது, அவள் குனிந்து பார்க்கவில்லை.

எடுத்துவிட்டான்.

அவள் 'டேய்' என்றதுமே அவன் குறுக்கே புகுந்தான். மீன் கலைந்துவிடக் கூடாதே என்று ரகசியம் பேசுகிற குரல், அதில் சந்தோஷம் தாங்கவில்லை.

"சத்தம் போடாதக்கா. பெருசு ஒண்ணு, என் கால்கிட்டயே வந்துக்கினு கீது."