கொஞ்சும் சுவர்

கடல் ஊரை விழுங்கியபின், இடம்பெயர்ந்த பெண்களுக்கான தையல்கூடத்தில் ஜெனோவாவுக்கு வேலை கிடைத்தது. கூடவே, வேலை நேரத்தில் பிள்ளையை விட ஒரு காப்பகம். அங்கே சுவரே தாயின் குரலில் பிள்ளையோடு பேசும், கொஞ்சும். குரலைப் பதிய வந்தவர்கள் பெரிய மனுசர்களாச்சே என்று, பிறந்ததிலிருந்து யாரிடமும் காட்டாத நயத்தோடு "வாங்க செல்லம், சாப்பிடுங்க தங்கம்" என்று பேசிவைத்தாள். வீட்டில் அவள் பாசமெல்லாம் "வாட்டி மூதேவி"தான்.

இன்று சாயங்காலம் காப்பகக் கதவருகே நின்று மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி ரெனி, வா!"

ரெனி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பிள்ளை தானா வந்தாத்தான் கதவு திறக்கும் மக்கா," என்றாள் ஆயா தங்கபுஷ்பம். "வரலேன்னா ராத்திரி இங்கேயேதான். நயமா கூப்பிடு."

"எம்பிள்ளைகிட்ட நான் எதுக்குக்கா நடிக்கணும்?"

முணுமுணுத்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாங்க செல்லம்" என்றாள். தையல் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் கட்டிப்போன குரல்.

ரெனி சிரித்தாள். சுவரைப் பார்த்து, "அம்மா, அந்த அக்கா உங்கள மாதிரியே பேசுறாங்க," என்றாள்.

சுவர் ஜெனோவாவின் குரலில் பதமாகச் சொன்னது:

"அப்படியா தங்கம்? தெரியாதவங்ககிட்டப் போகாதீங்க."