நாற்பத்திரண்டாவது நாற்காலி

“இது உங்க அப்பா வரைஞ்சது இல்லைம்மா. சத்தியமா இல்லை.”

படத்தை மேஜைமேல் வைத்து முழுசாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஓவிய நிபுணர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவள், காலமான ஓவியரின் ஒரே மகள். பக்கத்தில் ஓவியரின் மனைவி. வந்ததிலிருந்து அந்த அம்மா சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களின் அச்சுப் பிரதிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிபுணருக்குத் தன் கண்மேல் அப்படியொரு நம்பிக்கை. இருக்காதா பின்னே? அந்த ஓவியர் வரைந்தவை மொத்தம் நாற்பத்தொரு படங்கள். எல்லாமே நாற்காலிகள். ஆள் இருக்காது, ஆனால் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும். அத்தனையையும் தேடிப் பிடித்து, அசல்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் இவர். அவற்றைப் பற்றி இவர் எழுதிய தலையணை சைஸ் புத்தகம் அன்று சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. நேரம் பார்த்து நாற்பத்திரண்டாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இது அசலாக இருந்து, புத்தகத்தில் சேராமல் விட்டுப்போனால் ஊர் சிரிக்கும். போலியாக இருந்து சேர்த்துவிட்டால் இன்னும் பலமாகச் சிரிக்கும்.

“எப்படி சார் அவ்வளவு உறுதியா சொல்றீங்க?” என்று கேட்டாள் மகள்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் டார்ச்சை எடுத்தார். படத்தின் ஓரத்தில் அதைச் சாய்த்துப் பிடித்ததும், தூரிகை போன தடமெல்லாம் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது.

“நல்லா பாருங்க. கோடெல்லாம் வலது மேலேருந்து இடது கீழே இறங்குது. இது வலது கைக்காரன் வேலை. மத்த நாற்பத்தொண்ணும் அப்படியே நேர் எதிர். உங்க அப்பா இடது கைக்காரர்.”

இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதுதான். ஓவியர் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வார் என்பார்கள். தூரிகையும் கையுமாக அவரைப் பார்த்ததாகச் சொல்ல நிபுணருக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால் என்ன, கோடு இருக்கிறதே. குடும்பத்தாரிடம் எதையும் விசாரிப்பதில்லை என்பது நிபுணர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வைத்திருக்கும் கட்டுப்பாடு. பரணில் கிடக்கும் கிறுக்கலை எல்லாம் பெரியவர் வரைந்தது என்று சாதிப்பவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார்.

மகள் சுலபத்தில் விடுகிற ஆளாக இல்லை. கையில் அடிபட்டிருந்தபோது மறு கையால் வரைந்திருக்கலாமே என்றாள். ஆரம்ப காலத்துப் படமாக இருக்கலாமே என்றாள். ஒவ்வொன்றையும் நிபுணர் பொறுமையாகத் தட்டிக் கழித்தார். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

“கையை விடுங்கம்மா. கண்ணே வேற. இந்த நாற்காலியைப் பாருங்க, கடையில விலைக்கு வெச்ச மாதிரி நிக்குது. நாலு கால்ல ஒண்ணு தரையிலயே படல. இதை வரைஞ்ச ஆளு ஏழு ஜென்மம் எடுத்தாலும் அந்த நாற்பத்தொண்ணுல ஒண்ணைக்கூட வரைய முடியாது.”

அதைக் கேட்டு ஓவியரின் மனைவி முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். பாவம், மனசு உடைந்திருக்கும் என்று நிபுணருக்குத் தோன்றியது.

“இதையே எழுத்துல கொடுப்பீங்களா சார்?” என்றாள் மகள். “இதை வரைஞ்சவரும் அந்த நாற்பத்தொண்ணை வரைஞ்சவரும் ஒரே ஆள் இல்லைன்னு.”

போலி என்று சொன்னால் அழுகிறவர்கள் உண்டு, சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அதை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறவர்களை அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் சந்தோஷமாகவே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதோடு விட்டாரா? இந்தப் போலியைப் பற்றியும் கடைசியில் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லி, அச்சகத்துக்குப் போன் போட்டு வாசகத்தை வரி வரியாகச் சொல்லி முடித்தார்.

மகள் அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி சார். இது அப்பா வரைஞ்சதுதான். என் ஸ்கூல் ஆண்டு விழாவுல, பெரிய ஓவியராச்சேன்னு மேடையில பிடிச்சு நிறுத்திட்டாங்க. எல்லார் முன்னாலயும் வரைஞ்சார், போட்டோகூட இருக்கு. அவர் வாழ்க்கையில வரைஞ்சது இது ஒண்ணுதான்.”

நிபுணர் சுவரிலிருந்த நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப மத்ததெல்லாம்...?”

“பொம்பளை பேர் போட்டா விக்காதுன்னு அந்தக் காலத்துல யாரோ சொன்னாங்களாம். அப்பா பேரைப் போட்டாங்க. அப்புறம் அப்பாவே சாகிற வரைக்கும் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். என்ன தன்னடக்கம்னு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க எழுதினாதான் சார் உலகம் நம்பும்.”

படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டிய ரிஜிஸ்டரை, வேறென்ன செய்வதென்று தெரியாமல் நிபுணர் முன்னால் தள்ளினார். ஓவியரின் மனைவி இடது கையால் பேனாவை எடுத்து, நாற்பத்தொரு படங்களின் மூலையில் அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்த அதே கையெழுத்தை, ஒரே இழுப்பில் போட்டார்.